காட்டு ரோட்டில் பாட்டு நிற்காமல் இருக்க
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் அநேகமாக ஒரே கேள்வியில்தான் வந்து நின்றன: ஸ்பீக்கர் சரி, பாட்டை எந்த ஆப்பில் கேட்பது? கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். இப்போதெல்லாம் எங்கள் தொழிலில் பாதி நேரம், யாரோ ஒருவருடைய போனை மிக்சரில் கொழுவிவிட்டு, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பயந்துகொண்டு நிற்பதிலேயே போகிறது. அதனால் எல்லா ஆப்பின் குணமும் எனக்கு ஓரளவு தெரியும். இந்த முறை பாட்டுக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

வவுனியாவிலிருந்து நெடுங்கேணிப் பக்கப் பாடசாலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். யூடியூப்பில் பாட்டுக் கேட்டால் மாதம் முடியுமுன் டேட்டா முடிந்துவிடுகிறது. புளியங்குளத்தில் திரும்பிய பிறகு பாட்டு விட்டு விட்டு வருகிறது. திரையை அணைத்தாலும் நின்றுவிடுகிறது. தம்பி ஸ்பொட்டிஃபை போடச் சொல்கிறான். பாடசாலையில் ஒருவர் அப்பிள் மியூசிக்தான் தரம் என்கிறார். நான் எதைப் போட? — ஓர் ஆசிரியை, வவுனியா

ரீச்சர், நீங்கள் சொன்ன மூன்று தொல்லைக்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது. பாட்டைப் போனுக்குள் இறக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். எந்த ஆப் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். புளியங்குளம் – நெடுங்கேணி ரோட்டில் மட்டுமல்ல, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போனாலும் இதே கதைதான். காடு வந்தால் சிக்னல் மெலியும். அங்கே உலகத்தின் மிகச் சிறந்த ஆப்பும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் நிற்கும்.

முதலில் டேட்டாக் கணக்கைப் பாருங்கள். யூடியூப்பில் நீங்கள் பாட்டைக் கேட்கிறீர்கள், ஆனால் போன் படத்தையும் சேர்த்து இறக்குகிறது. படத் தெளிவு 480 என்ற தரத்தில் ஓடினால் மணிக்கு 250 முதல் 400 எம்பி வரை போகும். பாட்டு மட்டும் தரும் ஆப்பில் இது மிகவும் குறைவு. ஸ்பொட்டிஃபையின் சாதாரண தரம் செக்கனுக்கு 96 கிலோபிட். அதை மணிக்குக் கணக்குப் பார்த்தால் 43 எம்பி. அடுத்த தரமான 160இல் 72 எம்பி, அதற்கும் மேலான 320இல் 144 எம்பி. மாதத்தில் இருபது பாடசாலை நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் நாற்பது மணித்தியாலம். யூடியூப்பில் 10 ஜிபிக்கு மேல் போகிற இடத்தில், சாதாரண தரப் பாட்டுக்கு 1.7 ஜிபி போதும். பஸ் இரைச்சலுக்குள் 96க்கும் 320க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் பெரிய விஷயம்.

இறக்கி வைத்தால் இந்தக் கணக்கும் தேவையில்லை. நாலரை நிமிடப் பாட்டு 160 தரத்தில் ஐந்தரை எம்பி அளவு. முந்நூறு பாட்டு 1.7 ஜிபிக்குள் அடங்கும். ஒரு தடவை இறக்கினால் போதும். எங்கள் தொலைபேசிக் கம்பனிகள் விற்கும் பக்கேஜ் பலவற்றில் பகல் டேட்டா வேறு, நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கும் டேட்டா வேறு. அந்த இரவு டேட்டாவைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை, அது சும்மா காலாவதியாகும். பாட்டு இறக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆப்பின் செற்றிங்ஸில், வைஃபை இருந்தால் மட்டும் இறக்கும்படிதான் முதலில் வைத்திருப்பார்கள். சிம் டேட்டாவில் இறக்க அனுமதிக்கும் பொத்தானை நீங்கள்தான் போட வேண்டும். போடாமல் படுத்தால் காலையில் ஒரு பாட்டும் இறங்கியிருக்காது. போனில் இடம் குறைவென்றால், அன்ட்ரொயிட் போனில் ஸ்பொட்டிஃபை பாட்டுகளை மெமரி காட்டிலேயே சேமிக்கச் சொல்லலாம்.

இனி காசு. இலவசக் கணக்கில் ஸ்பொட்டிஃபை பாட்டு இறக்க விடாது, நடுநடுவே விளம்பரமும் போடும். யூடியூப்பின் இலவசக் கணக்கில் திரை அணைந்தால் பாட்டும் அணையும். உங்கள் போனில் கோளாறு ஒன்றும் இல்லை, அதை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அப்பிள் மியூசிக்கில் இலவசக் கணக்கே இல்லை. சில வாரம் சும்மா கேட்கத் தருவார்கள், அப்புறம் கட்டணம். ஆக உங்களுடைய பயணத்துக்கு மாதக் காசு கட்டத்தான் வேண்டும். விலையை இங்கே எழுதினால் இதழ் கடைக்கு வருமுன் மாறிவிடும். ஆப்பைத் திறந்து, அதில் காட்டும் தொகையையே நம்புங்கள். டொலரில் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரத்துக்குள் 360 தாண்டியபோது, டொலரில் மாதக் காசு கட்டியவர்கள் பாடு எப்படி இருந்தது என்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வங்கி அட்டையில் இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல அட்டைகளில் அது மூடித்தான் கிடக்கும்.

இப்போது எந்த ஆப்? ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்னரே அப்பிள் மியூசிக் இருந்தது. யூடியூப் மியூசிக்கும் இப்போது இங்கே கட்டணத் திட்டத்தோடு கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்துக் கோடிக்கு மேல் பாட்டு இருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பத்துக் கோடி நமக்கு எதற்கு? ஒரு கொப்பித் தாளில் நீங்கள் உண்மையாகவே கேட்கிற இருபது பாட்டை எழுதுங்கள். இளையராஜா நாலு, ரஹ்மான் நாலு, பழைய டி.எம்.எஸ். – சுசீலா நாலு, காலையில் கேட்கும் பக்திப் பாட்டு நாலு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடியது நாலு என்று கலந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஆப்பின் இலவச நாட்களிலும் அந்த இருபதையும் தேடிப் பாருங்கள். கிடைத்தது சரியான பதிவா என்று முதல் அரை நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய பாட்டின் பெயரில் யாரோ புதிதாகப் பாடியது, எதிரொலி சேர்த்தது, மெதுவாக்கியது என்று கனக்க வரும். தேடும்போது பாட்டின் முதல் வரியை அடிக்காமல் படத்தின் பெயரை அடியுங்கள். பட்டியல்களில் பெரும்பாலான பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன. ஒருவர் ‘ழ’வுக்கு எல் போடுவார், இன்னொருவர் இஸட்-எச் போடுவார். படப் பெயரில் அந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு.

அந்தப் பட்டியலின் கடைசி நாலும் உங்களிடம் இருந்தால், என் ஓட்டு யூடியூப் மியூசிக்குக்கு. எங்கள் பக்கக் கலைஞர்கள் பாட்டை முதலில் யூடியூப்பில்தான் போடுகிறார்கள். கோயில்கள் கசெற்றாகவும் சீடியாகவும் வெளியிட்ட பழைய பக்திப் பாட்டுகளையும் யாரோ ஒரு புண்ணியவான் அங்கேதான் ஏற்றி வைத்திருப்பார். யூடியூப்பில் இருக்கும் அந்தப் பதிவுகள் அநேகம் யூடியூப் மியூசிக்கில் தேடினாலும் வரும். மற்ற இரண்டிலும் அவை பெரும்பாலும் கிடைக்காது. கடைசி நாலு இல்லை, சினிமாப் பாட்டு மட்டும்தான் என்றால் தம்பி சொன்ன ஸ்பொட்டிஃபை நல்லது. ஒரு பாட்டு முடிய அதே மாதிரி இன்னொன்றைத் தேடித் தருவதில் அது கெட்டிக்காரத்தனமானது. அப்பிளைச் சொன்னவர் கையில் ஐபோன் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களிடமும் அதுதான் என்றால் யோசியுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இறக்கிய பாட்டு உங்களுடைய சொத்து ஆகிவிடாது. அது நூல்நிலையத்தில் இரவல் எடுத்த புத்தகம் மாதிரி. காசு கட்டுவதை நிறுத்தினால் போய்விடும். காசு கட்டினாலும் 30 நாளுக்கு ஒரு தடவையாவது போன் இணையத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியது திறக்காது. கம்பனிகளுக்குள் பிணக்கு வந்தாலும் பாட்டுக் காணாமல் போகும். 2023 மார்ச்சில் இந்தியாவின் ஸீ மியூசிக் கம்பனியின் பாட்டுகள் ஸ்பொட்டிஃபையிலிருந்து அப்படித்தான் ஒரே நாளில் மறைந்தன. அதனால் உயிரான பாட்டுகளை எம்பி3 ஆக வாங்கியோ, உங்களிடம் உள்ள சீடியிலிருந்து எடுத்தோ மெமரி காட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விஎல்சி பிளேயர் இலவசம், இணையமே கேட்காது.

இன்னொன்று. விலை குறைந்த அன்ட்ரொயிட் போன்களில், பற்றறியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். காசு கட்டிய பிறகும் திரை அணைந்ததும் பாட்டு நின்றால் ஆப்பைத் திட்டாதீர்கள். போனின் பற்றறி செற்றிங்ஸில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள்.

கனடாவில் இருக்கிற மகன், ஒரே கட்டணத்தில் வீட்டில் பல பேர் பாட்டுக் கேட்கும் தங்களுடைய குடும்பத் திட்டத்தில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது, “லிங்க் அனுப்பியிருக்கிறன், அமத்துங்கோ அப்பா” என்கிறான். அமத்தலாமா? — ஒரு தகப்பன், விசுவமடு

மகனுக்கு நல்ல மனது. ஆனால் அமத்தினாலும் கனநாள் நீடிக்காது. ஸ்பொட்டிஃபை குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம், ஆனால் ஆறு பேரும் ஒரே விலாசத்தில் வசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. யூடியூப்பும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறது. அப்பிளில் எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் வேலை செய்யும், பிறகு ஒருநாள் விலாசத்தை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கும். அன்றைக்கு விசுவமடுவைக் கனடாவுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்குள் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலைக் கட்டணம் இல்லாத கணக்கில் வைத்துக்கொண்டு விளம்பரம் கேட்க வேண்டியதுதான்.

மகன் அந்தக் காசை உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் இங்கேயே ஒரு திட்டம் எடுங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தால், ஒரு கணக்கை மூன்று பேரும் பாவிக்காமல் குடும்பத் திட்டமாகவே எடுப்பது நல்லது. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே கணக்கில் அம்மா விடிய கந்தசஷ்டி கேட்டு, மகள் பின்னேரம் குத்துப்பாட்டுக் கேட்டால், ஆப்புக்குத் தலை சுற்றும். வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றும் நேரத்தில் அது என்னத்தைத் தெரிவு செய்யும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பேரன் என்னுடைய போனில் ஸ்பொட்டிஃபை போட்டுத் தந்தான். நான் கேட்க விரும்புவது தவிலும் நாதஸ்வரமும், பழைய இலங்கை வானொலி நிகழ்ச்சிகளும். எங்கே தேடுவது என்று பிடிபடவில்லை. கண்ணும் மங்கல். வீட்டில் பழைய கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. — ஓய்வுபெற்ற தபாற்காரர், முள்ளியவளை

ஐயா, உங்களுக்கு முதலில் தேவை வானொலிப் பெட்டி, ஆப் அல்ல. சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆப் என்பது எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கண் மங்கலானவருக்கு அந்தச் சின்ன எழுத்துகளோடு மல்லுக்கட்டுவது தேவையில்லாத வேலை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றலும், சூரியன், சக்தி போன்ற தனியார் எஃப்எம்களும் கைக்கடக்கமான ஒரு வானொலியில் வரும். திருகினால் பாட்டு, திருகினால் நிறுத்தம். டேட்டாவும் வேண்டாம், அட்டையும் வேண்டாம்.

வன்னியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யுத்தத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், பற்றறி உள்ளே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற வளவு நிறையப் பேர் சுற்றி இருந்து கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கம்மிக்கொண்டு போகும், “சுத்தடா, சுத்தடா” என்று நாலு பக்கத்தாலும் சத்தம் வரும். செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தரம் சூடேறினால் இரண்டு பாட்டுக்குத் தாங்கும்.

சரி, தவிலுக்கு வருவோம். 1975இல் காலமான யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்ட தலைமுறை நீங்கள். அவர் தனியாக வாசித்துக் காட்டும் தனியாவர்த்தனம் என்று பட்டியலில் ஒழுங்காகப் பெயர் போட்டு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் தவில் வாசித்தவரின் பெயரைக் கச்சேரிப் பதிவுகளில் பலசமயம் உறையின் மூலையில்தான் போட்டார்கள். ஆப்பில் அந்த மூலையும் இல்லை. நாதஸ்வரக்காரர் பெயரிலோ இராகத்தின் பெயரிலோ தேடினால்தான் அகப்படும். நாதஸ்வரம் என்று ஒரு தடவை, நாகஸ்வரம் என்று ஒரு தடவை தேடச் சொல்லுங்கள், இரண்டிலும் வேறு வேறு வரும். எங்கள் நாட்டுத் திருவிழாப் பதிவுகள், வானொலியில் போனவை, வானொலி அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதின் பழைய குரல் என்று ஆசையாகத் தேடுவதெல்லாம் ஸ்பொட்டிஃபையில் நேரத்தை வீணாக்கும். அவை இருந்தால் யூடியூப்பில், ரசிகர்கள் தாங்களாக ஏற்றியதாகத்தான் இருக்கும்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய கசெற்றுப் பெட்டிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதில் திருவிழாவில் நீங்களே பதிந்தவை இருந்தால், அவை எந்த ஆப்பிலும் இல்லாதவை. பூஞ்சணம் பிடிக்குமுன் எம்பி3 ஆக மாற்றுங்கள். ஓடுகிற நிலையில் ஒரு கசெற் பிளேயர், அதன் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருள், இவ்வளவும் போதும். பேரனுக்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும். போடுமுன் நாடாவை ஒரு தரம் முழுக்க முன்னுக்கு ஓட்டி, திரும்பவும் பின்னுக்குச் சுற்றச் சொல்லுங்கள். கனகாலம் கிடந்த நாடா ஒட்டிப்போய் இருக்கும், அப்படியே ஓடவிட்டால் இழுபடும். உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றிருந்தால் வேறொரு கசெற்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். மாற்றி முடித்தவற்றை யூடியூப் மியூசிக்கில் உங்களுடைய சொந்தக் கணக்குக்குள் ஏற்றி வைக்கலாம். ஒரு இலட்சம் பாட்டு வரை இடம் தருகிறார்கள், உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியாது. ஏற்றுவதைக் கணினியில்தான் செய்ய வேண்டும். ஒரு பிரதி பென் டிரைவிலும் வையுங்கள். பென் டிரைவ் கொழுவும் சின்ன ஸ்பீக்கர்கள் கடையில் கிடைக்கின்றன, பொத்தானும் பெரிது. கண்ணுக்கு வேலை இல்லை.

லொஸ்லெஸ் தரத்தில் கேட்டால்தான் உண்மையான இசை என்கிறார்களே, வித்தியாசம் தெரியுமா? என்னிடம் புளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறது. — உயர்தர மாணவன், கிளிநொச்சி

தம்பி, புளூடூத் என்று சொன்ன இடத்திலேயே கேள்வி முடிந்துவிட்டது. சீடி ஒன்றில் ஒலியை அளந்து பதிவது செக்கனுக்கு 44,100 தடவை, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு பக்கம் என்று பெருக்கினால் 1,411 கிலோபிட் வரும். லொஸ்லெஸ் என்றால் அதில் ஒன்றையும் இழக்காமல் மடித்துத் தருவது. அப்பிள் மியூசிக் 2021 முதல் மேலதிகக் காசு இல்லாமல் தருகிறது. ஸ்பொட்டிஃபை 2025 செப்ரெம்பரில்தான் சில நாடுகளில் தொடங்கியது. ஆனால் சாதாரண இயர்பட்ஸுக்குப் போகும் புளூடூத் பாதை அந்த அளவைத் தாங்காது. போன் அதைத் திரும்பவும் நசுக்கித்தான் அனுப்பும். நீங்கள் டேட்டாவை அள்ளிக் கொட்டி இறக்கியது காதுக்கு வருமுன் சாதாரணமாகிவிடும். வயர் உள்ள நல்ல ஹெட்போன் இருந்து, அமைதியான அறையும் இருந்தால் முயன்று பாருங்கள். அப்போதும் உங்களுக்கே தெரியாமல் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றிப் போட, எது எது என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் நேர்மையான சோதனை.

காதுக்கு உண்மையில் கெடுதி செய்வது வேறு. பெடியங்கள் கொண்டுவரும் போன்களில் ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரைத் திறந்தால் பேஸ் என்ற கனத்த அடி ஒலி கூரையில் நிற்கும். அப்படி ஏற்றினால் பாடகரின் குரல் பின்னுக்குப் போய்விடும், சின்ன ஸ்பீக்கர் என்றால் கரகரக்கும். எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஒரு கிழமை கேளுங்கள்.

சலூனில் என்னுடைய ஸ்பொட்டிஃபையைப் போடலாமா? பிரீமியம்தான், காசு கட்டுகிறேன். — சலூன் உரிமையாளர், பரந்தன்

அண்ணை, நீங்கள் கட்டுகிற காசு உங்கள் தனிப்பட்ட பாவனைக்கு. கடையில், ஹோட்டலில் வாடிக்கையாளருக்காகப் போடக்கூடாது என்று அவர்களுடைய நிபந்தனையிலேயே இருக்கிறது, பிரீமியம் என்றாலும் அதேதான். பொது இடத்தில் பாட்டு ஒலிக்கவிடுவது எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வரும் விஷயம், பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியது. பரந்தனில் யார் வந்து பார்க்கப் போகிறார் என்று நீங்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. கேட்டபடியால் சொன்னேன்.

இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. சென்ற வருடம் ஒரு சாமத்திய வீட்டில் ஒலி நான்தான். பிள்ளையை மணையில் இருத்தி, இரண்டு பெண்கள் ஆலாத்தித் தட்டைத் தூக்கிச் சுற்றத் தொடங்குகிறார்கள். மாமன்காரன் தன்னுடைய போனில் இருந்துதான் நாதஸ்வரம் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கொழுவியிருந்தார். இரண்டாவது சுற்றில் நாதஸ்வரம் நின்றது. மூன்று சந்திக்குக் கேட்கும் சத்தத்தில் ஒரு பெண் குரல், கழிவறை கழுவும் திரவத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கியது. தட்டுப் பிடித்த பெண்கள் அப்படியே நிற்கிறார்கள், வீடியோக்காரர் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். நான் சத்தத்தை இறக்குமுன் விலையும் சொல்லி முடித்துவிட்டது. அந்த வீடியோவில் அது இன்னும் இருக்கிறது. விசேஷத்துக்குப் பாட்டு என்றால் பென் டிரைவில் கொண்டுவாருங்கள், போனைச் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

நண்பன் ஒருவன் காசு கட்டாமலே எல்லாம் திறந்திருக்கும் ஸ்பொட்டிஃபை ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினான். போடலாமா? — மல்லாவி

வேண்டாம். பிளேஸ்ரோருக்கு வெளியால் வந்த அந்தக் கோப்புக்குள் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, நண்பனுக்கும் தெரியாது. அதே போனில்தானே வங்கி ஆப்பும் வைத்திருக்கிறீர்கள். கணக்கையும் ஒருநாள் பூட்டிவிடுவார்கள். காசு இல்லையென்றால் இலவசக் கணக்கிலேயே விளம்பரத்தோடு கேளுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. பாடியவருக்கும் அதில் ஏதோ சொற்பம் போகும்.

ஸ்பொட்டிஃபையில் மூன்று வருடமாகச் சேர்த்த பட்டியல்கள் இருக்கின்றன. யூடியூப் மியூசிக்குக்கு மாறினால் எல்லாவற்றையும் திரும்பத் தேட வேண்டுமா? — தாதி உத்தியோகத்தர், முல்லைத்தீவு

தேவையில்லை. டியூன்மைமியூசிக், சவுண்டீஸ் என்று இரண்டு தளங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் பழைய கணக்கு, மறுபக்கம் புதிய கணக்கு என்று இணைத்துவிட்டால் பட்டியலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். இலவசமாகச் செய்யும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு, பட்டியல் நீளமென்றால் துண்டு துண்டாக மாற்றுங்கள். அது பாட்டுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, பெயரைப் பார்த்து அங்கே அதே பாட்டைத் தேடுகிறது. அதனால் தமிழ்ப் பாட்டில் பிழை வரும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் மற்றப் படத்தின் பாட்டைக் கொண்டுவந்து வைக்கும், பழைய பாட்டுக்குப் பதில் புதிதாகப் பாடியதை வைக்கும். மாற்றிய பிறகு முழுப் பட்டியலையும் ஒரு தரம் மேலிருந்து கீழே பாருங்கள். அது முடியும் வரை பழைய கணக்கை மூட வேண்டாம். காசு கட்டுவதை நிறுத்தினாலும் பட்டியல் அங்கேயே கிடக்கும், இறக்கி வைத்த பாட்டுகள்தான் போகும். இரவுக் கடமையில் கேட்பவை ஏதும் இருந்தால், அவற்றைப் புதிய ஆப்பில் இறக்கி முடித்துவிட்டுப் பழையதை நிறுத்துங்கள்.